தூண்டிலின் இரு முனைகள்

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் குளங்களிலும் மந்தமாக ஓடும் ஆறுகளிலும் வாழும் பெருவாய்ப் பாஸ் என்னும் மீன், உருவத்தில் பேரழகு வாய்ந்ததும் அன்று, உண்பதற்குத் தலைசிறந்ததும் அன்று. ஆயினும் அதனைப் பிடிப்பதற்கென்று மனிதர் செலவிட்டிருக்கும் பொருளையும் பொழுதையும் புத்தியையும் எண்ணிப் பார்த்தால், அக்கண்டத்தில் வேறெந்த நன்னீர் மீனும் இத்தகைய மரியாதையை அடைந்ததில்லை என்றே சொல்ல வேண்டும். பச்சை படர்ந்த மேனி, விலாவில் தலை முதல் வால் வரையில் ஓடும் கரிய பட்டை, கண்ணையும் கடந்து பின்னே சென்று முடியும் மேல்தாடை ஆகிய இவை அதன் அடையாளங்கள். பாசி மண்டிய நீரில், வீழ்ந்து கிடக்கும் மரத்தின் நிழலில் அசையாமல் நின்று, அருகில் வரும் சிறு மீனையோ தவளையையோ ஒரே பாய்ச்சலில் வாய்க்குள் ஆக்கிக்கொள்வது அதன் ஜீவனோபாயம். நெடுந்தூரம் துரத்திச் சென்று வேட்டையாடும் பிராணி அன்று அது, காத்திருந்து கவ்வுவது. அந்தச் சுபாவமே மீன்பிடிப்போனுக்கு ஆசை காட்டுகிறது; அவனை ஏமாற்றுவதும் அதுவே.

இம்மீனை நாடிப் புறப்படுவோனுடைய பெட்டியைத் திறந்து பார்த்தால், திருவிழாவில் விரித்த பொம்மைக் கடை போலத் தோன்றும்: பல வர்ணத்துப் பிளாஸ்டிக் புழுக்கள், கண் வரைந்த மர மீன்கள், பாவாடை கட்டிய ஈயக் குண்டுகள், இழுத்தால் சுழலும் பித்தளைத் தகடுகள், இரட்டை முள்ளை ஒளித்த தவளைகள். இவ்வளவும் வாங்கியவனை விசாரித்தால் அவன் எடுத்துரைக்கும் குறைகளோ எங்கும் ஒரே தன்மையன. ரீலில் தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டது; நரம்பு முறுக்கேறிச் சுருண்டது; கரைக்கு வரும் தறுவாயில் முடிச்சு அவிழ்ந்தது; நல்ல மீன் கவ்வியும் முள் ஏறாமல் நழுவியது; இவை ஒன்றும் நேராத நாளில் மீனே கடிக்கவில்லை. முதல் நான்கும் கோலைப் பிடித்த கையின் பக்கத்துக் குற்றங்கள். அவற்றின் காரணத்தைப் பெரும்பாலும் பௌதிக சாஸ்திரமே சொல்லிவிடும். ஐந்தாவதோ நரம்பின் மறுமுனையில், ஒரு பிராணியின் உடலுக்குள்ளும் அதன் பரம்பரைக்குள்ளும் நிகழ்வது. ஐந்துக்கும் தம்மிடம் மருந்து உண்டு என்று கடைக்காரர் சொல்லுவார். என் அபிப்பிராயத்தில் நான்குக்கு மட்டுமே உண்டு.

சாதனங்களின் பெருக்கத்துக்கும் மீனின் பருமனுக்கும் நெருங்கிய சம்பந்தம் இல்லை என்பதற்கு உலக சாதனைப் பட்டியலே சாட்சி. 1932 ஜூன் 2-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளம் விவசாயி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ளதாக இருந்தது. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்தில், பெர்ரியும் அவருடைய நண்பரும் ஏரிக்குக் கொண்டு சென்றவை ஒரே கோலும் ஒரே பொய்யிரையும் என்பர். எடை பார்த்துப் பதிவு செய்துவிட்டு, வீட்டார் அம்மீனைச் சமைத்து உண்டுவிட்டனர். அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் பசியுள்ள வீட்டில் எழுவதில்லை. அந்த எடையை மற்றொருவர் எட்ட 77 ஆண்டுகள் சென்றன. 2009 ஜூலை 2-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர், உயிருள்ள புளூகில் மீனை இரையாக வைத்துப் பிடித்த பாஸ், பெர்ரியின் மீனைக் காட்டிலும் ஓர் அவுன்சுக்குச் சற்றுக் குறைவான அளவே மிகுந்திருந்தது. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்சேனும் கூடியிருத்தல் வேண்டும் என்பது விதியாதலால், இருவரும் சமமாகவே வைக்கப்பட்டிருக்கின்றனர்.

இனி, கையின் பக்கத்துக்கு வருவோம். ரீலின் சரித்திரம் கடிகாரத்தோடு உறவுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் சிற்றூரில் கடிகாரம் பழுது பார்த்து வந்த ஜார்ஜ் ஸ்னைடர், தமக்குப் பழக்கமான பற்சக்கரங்களைக் கொண்டே, கைப்பிடி ஒரு முறை சுற்றினால் நரம்பு சுற்றிய உருளை பல முறை சுற்றும்படி ஒரு ரீலை அமைத்தார். பாஸ் மீன்பிடிப்புக்கென்று அமெரிக்காவில் வளர்ந்த ரீல் வகை அனைத்துக்கும் அதுவே மூலம்; ரீலில் விழும் சிக்கும் அந்த அமைப்போடு கூடவே பிறந்தது.

சிக்கு எவ்வாறு விளைகிறது என்பதைச் சிறிது நிதானித்துப் பார்ப்பது பயன் தரும். வீச்சில் பொய்யிரை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்றும், உருளையின் சுற்றளவு 11 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், அந்த உருளை விநாடிக்கு 180 சுற்றுக்கு மேலும், நிமிஷக் கணக்கில் பார்த்தால் பத்தாயிரத்துக்கு மேலும் சுழல வேண்டியதாகிறது. பொய்யிரையைக் காற்று எதிர்க்கிறது. ஆதலால் அதன் வேகம் புறப்பட்ட கணத்திலிருந்தே தணியத் தொடங்குகிறது. உருளையை எதிர்ப்பாரோ எவரும் இல்லை. ஒரு முறை சுழலத் தொடங்கிய கனமான வட்டம் தன் ஜடத்துவத்தினால் அதே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கிறது. முன்னே செல்வது மெதுவாகவும் பின்னிருந்து வருவது விரைவாகவும் இருக்கும்போது, இரண்டுக்கும் இடையே மிகுந்துபோன நரம்பு போக இடமின்றி உருளையின் மேலேயே தளர்ந்து எழும்புகிறது. எழும்பிய வளையத்தை அடுத்த சுற்று பிடித்துக்கொள்ள, அதை அதற்கடுத்த சுற்று இறுக்க, கண் இமைப்பதற்குள் உருளை திடுக்கிட்டு நின்றுவிடுகிறது. எதிர்காற்று வீசும் நாளிலும் எடை குறைந்த பொய்யிரையிலும் இந்தச் சங்கடம் மிகுதி. ஏனெனில் அவ்விரண்டு சந்தர்ப்பங்களிலும் முன்னே செல்வது இன்னும் விரைவில் தளர்ந்துவிடுகிறது.

இதற்குப் பழைய பரிகாரம் கட்டைவிரல். உருளையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் அவ்விரல் தடவிக்கொண்டிருக்க வேண்டும். பொய்யிரை நீரைத் தொடும் கணத்தில் அழுந்த வேண்டும். விரலுக்கு இந்தப் பாடம் படிய ஒரு பருவம் செல்லும் என்பதனால், ரீல் செய்வோர் இரண்டு உபாயங்களைக் கண்டனர். ஒன்றில், சிறு கட்டைகள் சுழற்சியினால் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உராய்கின்றன. மற்றொன்று இன்னும் நுட்பமானது: அலுமினிய உருளைக்கு அருகில் சில காந்தங்களை வைத்துவிடுகிறார்கள். அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. ஆயினும் காந்தப் புலத்தில் சுழலும் உலோகத்துக்குள் மின்னோட்டங்கள் எழுந்து, தம்மைத் தோற்றுவித்த சுழற்சியையே எதிர்க்கின்றன என்பது 1834-இல் லென்ஸ் வகுத்த விதி. எங்கும் உராயாமல், வேகம் மிகும்போது மிகுந்தும் தணியும்போது தணிந்தும் நிற்கும் அந்தத் தடையைக் கட்டைவிரலின் புத்தி என்றே சொல்லலாம். அப்படியும் சிக்கு விழுந்துவிட்டால், கத்தியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கட்டைவிரலை உருளையின்மேல் அழுந்த வைத்து, கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று முன்னோக்கிச் சுற்றி, பின்னர் நரம்பை நிதானமாக வெளியே இழுத்தால், மடங்கிக் கிடந்த வளையம் பெரும்பாலும் தானே நழுவி விடுகிறது. ஆத்திரத்தோடு இழுத்தவன் அதைக் கத்தரித்துத்தான் ஆக வேண்டும்.

சுழலும் உருளையே வேண்டாம் என்ற யோசனை இங்கிலாந்தில் கம்பளி ஆலை வட்டாரத்தில் பிறந்தது. பிராட்ஃபோர்டு நகரத்து ஆலை முதலாளியான ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், 1905-இல் பதிவு செய்த தம் ரீலில் உருளையை அசையாமல் நிறுத்தி, நரம்பு அதன் விளிம்பைக் கடந்து சுருள் சுருளாக வழிந்து செல்லும்படி செய்தார். சுழல்வது இல்லையாதலால் மிஞ்சிச் சுழல்வதும் இல்லை. எடை குறைந்த இரையையும் எளிதில் வீசலாம். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. அசையாத உருளையின்மேல் நரம்பைச் சுற்றும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு ஒரு முறுக்கைக் கொடுக்கிறது. வீசும்போது அந்த முறுக்கு கழன்றுவிடுவதனால் வழக்கமாகத் தீங்கில்லை. பெரிய மீன் ஒன்று நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது, அறுந்துபோகாமல் இருக்கும்பொருட்டு உருளை வழுக்கிக் கொடுக்கிறதல்லவா, அந்நேரத்தில் பதற்றத்தினால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பவன், ஓர் அங்குலமும் உள்ளே இழுக்காமல், ஒவ்வொரு கைச்சுற்றுக்கும் ஐந்து ஆறு முறுக்குகளை நரம்பில் ஏற்றுகிறான். அன்று மாலை நரம்பு ஏன் சுருள்கிறது என்று அவன் கடைக்காரரைக் கேட்பதும், அவர் வேறு நரம்பை எடுத்துக் காட்டுவதும் வழக்கம்.

நரம்பின் கதை தனியே விரிக்கத்தக்கது. இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். 1938-இல் நைலானை உலகுக்கு அறிவித்தபின், பட்டும் லினனும் மறைந்து, நம் ஊர்களில் தங்கூஸ் என்று வழங்கும் ஒற்றை இழை நரம்பு எங்கும் பரவியது. அது மலிவானது, மிருதுவானது, முடிச்சுக்கு இணங்குவது. ஆனால் நீரை உறிஞ்சிச் சற்றுத் தளர்வது, இழுத்தால் நீள்வது. பின்னே வந்த பாலிஎதிலீன் பின்னல் நரம்பு நீள்வதே இல்லை எனலாம். அது நீரினும் இலேசானதாகையால் மிதக்கும், ஒளி ஊடுருவாததாகையால் தெரியும், வழுக்குவதாகையால் நைலானுக்கு ஏற்ற முடிச்சு அதில் நிற்காது. ஃபுளூரோகார்பன் நரம்பு நீரில் மறைந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, அதன் எண் 1.42, நைலானுடையது 1.5-க்கும் மேல், ஆகவே நைலானைவிட மறைவது உண்மை, முற்றிலும் மறைவது பொய். அதன் அடர்த்தி 1.78 ஆதலால் விரைவில் அமிழும். நீர்ப்பரப்பில் மிதந்து வரவேண்டிய தவளைப் பொம்மையை அதில் கட்டியவன், தவளை தலைகுப்புறக் கவிழ்வதைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை. முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை: இறுக்கும்போது எழும் உராய்வின் வெப்பமே இழையைக் கெடுப்பதாகையால், எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குதல் வேண்டும். முடிச்சு அறுந்தது என்று சொல்லப்படும் சம்பவங்களுள் பல, அந்த ஒரு துளி ஈரம் இல்லாமையால் நேர்ந்தவை.

கவ்விய மீன் ஏன் நழுவுகிறது? பாஸ் தன் இரையைப் பற்களால் கடித்துப் பிடிப்பதில்லை. செவுள்களை மூடிக்கொண்டு வாயையும் தொண்டையையும் திடீரென்று அகல விரிக்கிறது. உள்ளே அழுத்தம் குறைய, முன்னே உள்ள நீர் முழுதும் இரையோடு வாய்க்குள் பாய்கிறது. பிறகு வாயை மூடிச் செவுள் வழியே நீரை வெளியேற்றுகிறது. இவ்வளவும் நொடியில் ஒரு சிறு பின்னத்துக்குள் முடிந்துவிடுகிறது. உள்ளே வந்தது ஆகாரம் அன்று என்று தெரிந்தால், அதே விரைவில் அதை உமிழ்ந்தும் விடுகிறது. கரையில் நிற்பவன் அறியாமலே வந்துபோன மீன்கள் எத்தனையோ. உறிஞ்சும் மீனுக்கு, இரை தடையின்றி உள்ளே வருமாறு நரம்போ கோலோ சற்று இளகிக் கொடுத்தல் வேண்டும். விரைந்து இழுக்கும் மர மீன்களுக்கு விறைப்பான கிராஃபைட் கோலைவிட, வளைந்து கொடுக்கும் கண்ணாடி இழைக் கோலையே அனுபவசாலிகள் நாடுவதன் இரகசியம் இதுதான்; விறைப்பான கோலும் நீளாத நரம்பும் சேர்ந்தால், மீன் உறிஞ்சும் கணத்திலேயே இரையை அதன் வாயிலிருந்து பறித்துவிடுகின்றன. புழுவினுள் முள்ளைப் புதைத்துப் பாசிக்குள் இறக்கும் முறையில் தேவை இதற்கு நேர் எதிரானது. அங்கே முள் முதலில் பிளாஸ்டிக்கைத் துளைத்துப் பின்னரே தாடையைத் துளைக்க வேண்டுமாகையால், 30 மீட்டர் நைலான் நரம்பு நீண்டு விழுங்கிவிடும் பலம் வீணாகிறது. விறைப்பான கோலும் நீளாத நரம்புமே அங்கே காரியம் சாதிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கோல் போதும் என்பவரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோல் வேண்டும் என்பவரும் ஓயாமல் வழக்காடுவதன் அடிப்படை இந்த ஒரு விஷயமே.

பொய்யிரையின் வர்ணத்தைப் பற்றிச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி, மீனின் கண்ணுக்காக அன்றி மனிதனின் கண்ணுக்காகவே செலவாகிறது என்பது என் துணிபு. இல்லினாய் மாநிலத்தில் 1937-லேயே பிரௌன் என்பவர் பாஸ் மீனின் வர்ண உணர்ச்சியை ஆராய்ந்தார்; 2018-இல் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தார் அதை மேலும் தெளிவாக்கினர். நம் கண்ணில் வர்ணம் உணரும் கூம்பணுக்கள் மூவகை. பாஸ் மீனுக்கு இரண்டே வகை, ஒன்று பச்சைக்கும் மற்றொன்று சிவப்புக்கும் உரியது. பச்சையையும் சிவப்பையும் அது ஐயமின்றிப் பிரித்து அறிகிறது. ஆனால் கடைகளில் மிகுதியாக விற்கும் பளீரென்ற பசுமஞ்சளை வெள்ளையோடும், கருநீலத்தைக் கறுப்போடும் அது மயங்குகிறது. கறுப்பும் நீலமும் கலந்த புழு நன்றா, கறுப்பு மட்டுமே நன்றா என்று இருவர் விவாதிப்பதைக் கேட்க மீனுக்கு வாய்ப்பிருந்தால், அது என்ன எண்ணுமோ! கலங்கிய நீரில் கண்ணைவிட, உடலின் இரு பக்கத்தும் ஓடும் அதிர்ச்சி உணரும் கோடே அதற்குத் துணை. ஆகவே அங்கே வர்ணத்தைக் காட்டிலும், சுழன்று நீரைக் குலுக்கும் பித்தளைத் தகட்டுக்கே மதிப்பு. பிளாஸ்டிக் புழுவோ, அசைவே இல்லாமல் அடியில் கிடந்தும் மீனை இழுக்கிறது. ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் 1949 வாக்கில் வார்த்தெடுத்த அந்த எளிய பொருளுக்கு நிகராக வேறொன்றும் வரவில்லை என்று பல மூத்தோர் கருதுகின்றனர், நானும் அக்கட்சியே.

இனி மறுமுனை. சிக்கும் இல்லை, முறுக்கும் இல்லை, முடிச்சும் சரி. ஆயினும் மீன் கடிக்கவில்லை. உடனே குற்றம் வானிலையின்மேல் விழுகிறது. குளிர்காற்று வந்து வானம் தெளிந்த மறுநாள் மீன் வாய் திறவாது என்பதும், வாயுமண்டல அழுத்தம் உயர்ந்ததே காரணம் என்பதும் மீன்பிடிப்போரிடையே வேதவாக்கு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வானிலை மாறும்போது அழுத்தம் 20 மில்லிபார் உயர்ந்தால் அது பெரிய மாற்றம். நீருக்குள் 20 சென்டிமீட்டர் கீழே இறங்கும் மீனுக்கும் அதே மாற்றம் ஏற்பட்டுவிடுகிறது. ஒரு நாளில் பல முறை அதனினும் மிகுதியாக ஏறியும் இறங்கியும் திரியும் பிராணி, அழுத்தமானியின் முள்ளைக் கண்டு உபவாசம் இருக்கும் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. அந்நாட்களில் கூடவே மாறும் ஒளியும் காற்றும் நீரின் வெப்பமும் இன்னும் நம்பத்தக்க காரணங்கள். குளிர் இரத்தப் பிராணியாகிய மீனின் ஜீரணமும் வேகமும் பசியும் நீரின் வெப்பத்தைப் பொறுத்தவை. குளிர்காலத்தில் ஒரு வேளை உண்டது பல நாளைக்குப் போதும். கோடையிலோ ஆழமான ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்து, மேலடுக்கின் வெந்நீரும் கீழடுக்கின் தண்ணீரும் கலவாமல் நிற்க, கீழே அழுகும் பொருள்கள் பிராணவாயுவை உண்டு தீர்த்துவிடுகின்றன. வெயிலுக்கு அஞ்சி மீன் அடியாழத்துக்குப் போயிருக்கும் என்று அங்கே இரையை இறக்குவோன், மீன் மூச்சுவிட முடியாத இடத்தில் மீனைத் தேடுகிறான்.

இவையும் போக, ஒரு காரணம் எஞ்சுகிறது. அதை மீன்பிடிப்போர் விரும்பிக் கேட்பதில்லை. பைக் என்னும் மற்றொரு வேட்டை மீனைக் கொண்டு நெதர்லாந்தில் பியூகெமா நடத்தி, 1970-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுழலும் உலோகப் பொய்யிரையில் ஒரு முறை அகப்பட்ட மீன்கள் மறுபடி அதை அணுகவே தயங்கின. உயிருள்ள இரையிடம் அத்தகைய தயக்கம் காணப்படவில்லை. மீன் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ள அவசியமே இல்லாத மீன்களும் உண்டு. இல்லினாயில் ரிட்ஜ் ஏரி என்னும் சிறிய நீர்த்தேக்கத்தில், பிடித்த ஒவ்வொரு பாஸையும் அளந்து, அடையாளமிட்டு, உயிரோடு விடுவது என்ற நியமம் 1970-களின் இறுதியில் நான்கு ஆண்டுகள் நடந்தது. ஒரு மீன் ஒரே ஆண்டில் 16 முறை பிடிபட்டது. பின்னர் நீர் முழுவதையும் வடித்து எண்ணியபோது கிடைத்த சுமார் 1,700 மீன்களுள், ஏறத்தாழ 200 மீன்கள் அத்தனை காலமும் அங்கேயே இருந்தும் ஒரு முறையேனும் முள்ளில் அகப்படாதவை. எளிதில் கடித்தவற்றைத் தனியாகவும் கடிக்காதவற்றைத் தனியாகவும் சேர்த்துப் பிலிப் என்பவரும் துணைவர்களும் மூன்று தலைமுறை வளர்த்தனர். இரு வம்சங்களுக்கும் இடையே வேற்றுமை தலைமுறைக்குத் தலைமுறை விரிந்தது என்று 2009-இல் அறிவித்தனர். கடிக்கும் சுபாவம் ஓரளவேனும் பரம்பரைச் சொத்து என்பது இதனால் விளங்கியது. கடித்த மீனைச் சமையலறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் ஏரியில் நாளடைவில் மிஞ்சுவது கடிக்காத வம்சம். பிடித்ததைத் திருப்பி விடும் ஏரியில் மிஞ்சுவது படித்த மீன்.

பிடித்ததை உயிரோடு விடும் வழக்கத்தைப் பாஸ் பந்தயங்களில் நிலைநாட்டியவர் அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்னும் காப்பீட்டு முகவர். 1967-இல் சங்கம் கண்ட அவர், 1972-இல் இதை இயக்கமாக்கினார். அமெரிக்காவில் புண்ணியமாகக் கருதப்படும் இச்செயல், குரிதா சாதனை புரிந்த பிவா ஏரியைச் சூழ்ந்த ஷிகா மாநிலத்தில் 2003 முதல் விதி விரோதம். 1925-இல் ஆஷி ஏரிக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட பாஸ், ஜப்பானின் சுதேச மீன்களுக்கு யமனாகிவிட்டமையால், பிடித்ததை நீரில் விடக்கூடாது என்கிறது அங்குள்ள விதி.

சொந்த நாட்டில் அதன் இனப்பெருக்கம் நடக்கும் முறை, ரிட்ஜ் ஏரி ஆராய்ச்சிக்கு வேறொரு பொருளைத் தருகிறது. வசந்தத்தில் நீர் 16 முதல் 18 டிகிரி வெப்பத்தை அடையும்போது, ஆண் மீன் கரையோரத்து ஆழமற்ற தரையை வாலால் துடைத்துக் கூடமைக்கிறது. பெண் முட்டையிட்டுச் சென்றபின், முட்டைகளையும் குஞ்சுகளையும் காத்து, பெரும்பாலும் உண்ணாமலே அங்கு நிற்கிறது. எளிதில் கடிக்கும் வம்சத்து ஆண்களே கூட்டை மிகுந்த ஆவேசத்தோடு காக்கின்றன என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். தகப்பனை முள்ளில் மாட்டி இழுத்த சில நிமிஷங்களுக்குள் புளூகில் மீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்குகின்றன. கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில் ஜூன் பிற்பகுதி வரையில் பாஸ் பிடித்தலுக்குத் தடை உண்டு. அமெரிக்கத் தென் மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அத்தகைய தடைக்காலம் இல்லை. அங்கே வசந்தத்தில், கண்கூச்சம் நீக்கும் கண்ணாடியை அணிந்து கரையோரக் கூடுகளைத் தேடிச் செல்வோர், பல்லி வடிவான ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கூட்டின் நடுவே இறக்கிக் காத்திருக்கின்றனர். பசியற்ற அம்மீன் அதைத் தின்பதற்காக வாயில் எடுப்பதில்லை, அப்பால் கொண்டுபோய்ப் போடுவதற்காகவே எடுக்கிறது. கோலை உயர்த்துவது அந்தக் கணத்தில்தான்.